ஒரு பெயரில் நான்கு மீன்கள்: தாராவி உணவகத்து வவ்வால் வறுவல் குறித்த நிகழ்வு ஆய்வு

மும்பை தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பம் ஒன்று மதிய உணவகம் நடத்தி வருகிறது. ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அங்கே ‘வவ்வால் வறுவல்’ என்று கரும்பலகையில் எழுதி விற்ற மீனைத் தின்ற ஆறு வயதுக் குழந்தையின் தொண்டையில் முள் சிக்கிக்கொண்டது. பக்கத்துத் தெரு மருத்துவர் இடுக்கியால் முள்ளை எடுத்துவிட்டார்; குழந்தைக்கு வேறு பாதிப்பு எதுவும் இல்லை. ஆனால் அன்று மாலைக்குள் உணவகம் போலி மீன் விற்கிறது என்ற பேச்சு தெருவெல்லாம் பரவி, மறுநாள் கடை திறப்பதா வேண்டாமா என்று வீட்டார் யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

இரு தரப்பும் ஒப்புக்கொண்டு நடத்திய பேச்சுவார்த்தையில் கலந்துகொண்டவர்களில் நானும் ஒருவன். விற்பனைச் சீட்டு, ஐஸ் பெட்டியில் மிஞ்சியிருந்த மீன், உணவகத்தார், வாடிக்கையாளர், மொத்த வியாபாரி ஆகிய மூவரும் சொன்ன விவரங்கள் எல்லாவற்றையும் பார்த்த பிறகு எனக்குப் பட்டது இதுதான்: மூவரில் எவரும் முழுப் பொய் சொல்லவில்லை, இருந்தும் வாடிக்கையாளரின் தட்டில் விழுந்தது அவர் கேட்ட மீன் இல்லை. இது எப்படி நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பது, மீன் வாங்குகிற, விற்கிற, சமைக்கிற எல்லோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் கடையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

நடந்தது

உணவகத்தின் உரிமையாளரை வாடிக்கையாளர்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்பார்கள். அவர் ஆடிக் கொடைக்காக ஊருக்குப் போயிருந்தார். கடையைப் பார்த்துக்கொண்டவர் தூத்துக்குடியிலிருந்து மும்பைக்கு அண்மையில் வந்த அவருடைய மைத்துனர். ஆண்டின் மற்ற மாதங்களில் இந்த உணவகத்துக்கு மீன் கொடுப்பவர் ஒரு கோலி மீனவப் பெண்மணி. அவர் சசூன் டாக் மீன்பிடித் துறைமுக ஏலத்தில் விடியலுக்கு முன்பே எடுத்து வரும் மீனை அண்ணாச்சி நேரில் புரட்டிப் பார்த்து வாங்குவார். பெரும்பாலும் அது கருப்பு வவ்வாலாக இருக்கும்; விலை இறங்கும் நாட்களில் சிறிய வெள்ளை வவ்வாலும் வரும்.

மகாராஷ்டிரக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் அண்ணாச்சி மீன் வறுவலை நிறுத்திவிட்டுக் கருவாட்டிலும் கோழியிலும் சமாளித்துவிடுவது வழக்கம். தூத்துக்குடிக்காரரான மைத்துனருக்கோ தடைக்காலம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான். ஜூலையில் மீன் கிடைக்காமல் போகும் என்று அவர் எண்ணவே இல்லை. கோலிப் பெண்மணி வராததால், கைபேசியில் ஒரு மொத்த வியாபாரியை அழைத்து, தனக்குத் தெரிந்த இந்தியில், வவ்வாலுக்கு அங்கே வழங்கும் ‘பாம்ப்ரெட்’ என்ற பெயரைச் சொல்லி, 15 கிலோ வேண்டும், சுத்தம் செய்து அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். வியாபாரி சொன்ன விலை, அண்ணாச்சி வழக்கமாகக் கொடுக்கும் விலையில் பாதிக்கும் குறைவு. மொத்தமாக வாங்குவதால் மலிவு என்று மைத்துனர் நினைத்துக்கொண்டார்.

வந்த சரக்கில் துடுப்புகள் நறுக்கப்பட்டு, குடல் நீக்கப்பட்டு, தலைகள் தனிப் பையில் கட்டப்பட்டிருந்தன. உடல் தட்டையாக, அகலமாக, வெள்ளி நிறத்தில் இருந்தது. சமையற்கட்டில் அதைத் துண்டு போட்டு மசாலா தடவிய பிறகு எந்த மீன் என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை. கரும்பலகையில் வழக்கமான ‘வவ்வால் வறுவல்’, வழக்கமான விலை.

குழந்தையின் தகப்பனார் உணவகத்துக்குத் திரும்பி வந்து கேட்ட கேள்வி நியாயமானது. “புள்ளைக்கு முள்ளில்லாத மீனுன்னுதான வவ்வால் வாங்கிக் குடுத்தேன், இது என்னண்ணே வவ்வாலு?” மைத்துனர் சீட்டைக் காட்டி, “வவ்வாலுதாண்ணே, பில்லப் பாருங்க” என்றார். சீட்டில் ‘பாம்ப்ரெட்’ என்றுதான் இருந்தது; ஆனால் அதன் பக்கத்தில் சிறிதாக ‘ஆர்.சி.’ என்று இரண்டு எழுத்து எழுதப்பட்டிருந்ததை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தூத்துக்குடிக் கரையில் வளர்ந்தவர், தன் தட்டில் இருந்த துண்டைப் பிட்டுப் பார்த்துவிட்டு, “இது கடல் மீனே இல்ல, குளத்து மீனு” என்று சொன்னார். அவர் சொன்னது சரி.

ஐஸ் பெட்டியில் கிடைத்த சான்று

திங்கட்கிழமைக் குழம்புக்காகச் சமையற்கார அம்மா தலைகளை ஐஸ் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பெட்டியின் அடியில், சுத்தம் செய்யும்போது விடுபட்டுப் போன ஒரு முழு மீனும் கிடந்தது. இவை இரண்டும் இல்லாமல் போயிருந்தால் இந்த ஆய்வுக்கு இடமே இருந்திருக்காது. வறுத்த துண்டை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பேச்சுப் பேசியிருப்போம்.

தலை மழுங்கி, கனமாக இருந்தது. கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் அழுத்தித் திறந்தபோது, முன்வரிசையில் சதுரமான பற்களும், அவற்றுக்குப் பின்னால் அகன்ற கடைவாய்ப் பற்களும் தெரிந்தன. மேல்தாடையில் பற்கள் இரண்டு வரிசையாக நின்றன. “மனுசப் பல்லு மாதிரில்லா இருக்கு” என்று சொல்லிச் சமையற்கார அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். முழு மீனின் நெஞ்சும் வயிற்றின் முன்பகுதியும் செம்மை படர்ந்திருந்தன. வயிற்றுப் பக்கத்தில் ஒரு ஜோடி இடுப்புத் துடுப்பு இருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில், விரல் நுனி அளவுக்கு ஒரு சிறிய சதைத் துடுப்பு நின்றது; விலங்கியலார் இதைக் கொழுப்புத் துடுப்பு என்பார்கள். கடலில் பிடிபடும் எந்த வவ்வாலுக்கும் அது கிடையாது.

அந்த மீன் பியராக்டஸ் பிராக்கிபோமஸ். தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகளுக்குரிய நன்னீர் மீன். அங்கே வெள்ளக் காலத்தில் காட்டுக்குள் நீர் புகும்போது மரங்களிலிருந்து விழும் பழங்களையும் கொட்டைகளையும் உடைத்துத் தின்று வாழ்கிறது. மனிதப் பல்லைப் போன்ற அந்தக் கடைவாய்ப் பற்கள் அதற்காக அமைந்தவை. வேகமாக வளர்வதாலும், தீனி எதுவானாலும் ஏற்பதாலும், ஆந்திரத்திலும் வேறு மாநிலங்களிலும் குளங்களில் பெருமளவு வளர்க்கிறார்கள். சந்தையில் அதற்கு ரூப்சந்த் என்று பெயர். சீட்டில் இருந்த ‘ஆர்.சி.’ அதுதான். தமிழ்நாட்டு மீன் கடைகளில் இதையே ஏரி வவ்வால், அணை வவ்வால் என்று சொல்லி விற்கிறார்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் நன்னீர்ப் பாம்ப்ரெட் என்ற பொருளில் வழங்கும் பெயர்கள் உண்டு. ஆகவே வியாபாரி ‘பாம்ப்ரெட்’ என்று சீட்டில் எழுதியது அவர் சந்தையின் வழக்குப்படி தவறில்லை.

முள்ளுக்கும் காரணம் இதிலேயே கிடைத்துவிடுகிறது. கடல் வவ்வாலில் நடு எலும்பையும் அதிலிருந்து கிளம்பும் விலா முட்களையும் எடுத்துவிட்டால் சதைக்குள் தொந்தரவு எதுவும் இருக்காது. ரூப்சந்த் மீனின் சதைக்குள்ளேயே கவைபோல் பிரிந்த நுண்முட்கள் தனியாகப் புதைந்திருக்கும். நடு எலும்பை நீக்கினாலும் அவை அப்படியே இருக்கும். கெண்டை மீன் தின்று பழகியவர் இதைத் துழாவி எடுத்துவிடுவார். வவ்வால் என்று நம்பிக் குழந்தைக்குப் பிட்டு ஊட்டியவர் துழாவ வேண்டிய தேவையையே உணரவில்லை. அன்றைய விபத்தின் நேரடிக் காரணம் அந்த நம்பிக்கைதான்.

இடையில் கிளம்பிய வதந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்லின் படம் வாட்ஸ்அப்பில் போனதும், இது மனிதனைத் தின்னும் பிரானா என்று பேச்சு கிளம்பியது. பிரானாவும் ரூப்சந்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். செராசால்மிடே என்பது அந்தக் குடும்பம். ஆனால் பிரானாவின் பற்கள் ஒற்றை வரிசையில், முக்கோண வடிவில், கத்திமுனையாக இருக்கும். கடைவாய்ப் பல் அமைப்பு இருக்காது. உண்பதற்கு ரூப்சந்தில் தீங்கு ஒன்றும் இல்லை. அது குளத்திலிருந்து தப்பி நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் சேர்ந்தால் உள்ளூர் மீன்களுக்கு என்ன ஆகும் என்ற கவலை வேறு வகையானது. கேரளத்து நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது.

பெயருக்குள் இருக்கும் மீன்கள்

பேச்சுவார்த்தையில் எழுந்த அடுத்த கேள்வி சற்றுச் சங்கடமானது. ரூப்சந்த் வவ்வால் இல்லை என்றால், எது வவ்வால்? தகப்பனார் வெள்ளை வவ்வாலைச் சொன்னார். அண்ணாச்சியோ, ஊரிலிருந்து தொலைபேசியில் பேசியவர், தன் கடையில் வழக்கமாகப் போடுவது கருப்பு வவ்வால்தான் என்றும், அதற்கு எவரும் இதுவரை குறை சொன்னதில்லை என்றும் கூறினார்.

வெள்ளை வவ்வால் பாம்பஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. மழுங்கிய மூக்குக்குக் கீழே மிகச் சிறிய வாய். செவுளின் திறப்பு ஒரு சிறு கீறல்போல இருக்கும். இடுப்புத் துடுப்பு கிடையாது. வால் ஆழமாகப் பிளந்து, கீழ்ப்பிளவு மேற்பிளவைவிட நீண்டிருக்கும். செதில்கள் மிக நுண்ணியவை, விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். தொண்டைக்குப் பின்னால் உட்புறம் பற்கள் பதிந்த ஒரு பை இதற்கு உண்டு; சொறிமீன் போன்ற குழைவான உயிரிகளையும் மிதவை உயிரிகளையும் தின்னும் மீன் இது. உடல் வடிவத்தைப் பார்த்து ஏமாறாமல் மரபணுவை வைத்து ஆராய்ந்தவர்கள், வெள்ளை வவ்வாலைச் சூரை, அயிலை, வஞ்சிரம் ஆகியவற்றுக்கு நெருங்கிய கூட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

கருப்பு வவ்வாலின் கதை வேறு. பாரை மீன்கள் அடங்கிய கராஞ்சிடே குடும்பத்தைச் சேர்ந்தது அது. வாலின் அடிப்பகுதியில் பக்கக்கோட்டின் மேல் விரலை ஓட்டினால் கேடயம் போன்ற கெட்டிச் செதில்கள் சொரசொரவென்று தட்டும். வெள்ளை வவ்வாலில் அந்த இடம் வழுவழுப்பாக இருக்கும். குஞ்சுப் பருவத்தில் இதற்கு இடுப்புத் துடுப்பு உண்டு, வளர வளர மறைந்துவிடும். ஆகவே சந்தைக்கு வரும் பருவத்தில் இரண்டுமே இடுப்புத் துடுப்பு இல்லாத, தட்டையான, அகன்ற மீன்களாக ஒன்றுபோலத் தோன்றுகின்றன. 1795-இல் இதற்கு முதலில் அறிவியல் பெயர் சூட்டிய ஜெர்மானியர் பிளாக்கே இதை வெள்ளை வவ்வாலோடு ஒரே பேரினத்தில் சேர்த்து, ஸ்ட்ரோமேட்டியஸ் நைகர் என்றுதான் எழுதினார். பின்னர் வந்தவர்கள் அதற்கென்று தனிப் பேரினமும் ஒரு காலத்தில் தனிக் குடும்பமும் அமைத்து, கடைசியில் பாரை மீன்களோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மீன் கடைக்காரரைக் குறை சொல்பவர்கள் இதையும் நினைவில் கொள்வது நல்லது.

இவற்றோடு சைனா வவ்வால் ஒன்று உண்டு. அது வெள்ளை வவ்வாலின் நெருங்கிய சொந்தம், அதே பாம்பஸ் பேரினம். உடல் இன்னும் அகலம், வாலின் பிளவு ஆழமற்றது, பிளவின் இரு முனைகளும் ஏறத்தாழச் சமம். இதில் சர்ச்சைக்கு இடமில்லை. முள்ளிலும் சுவையிலும் வெள்ளை வவ்வால் வாங்கியவர் ஏமாந்ததாக நினைக்க மாட்டார்.

வெள்ளை வவ்வால் என்று நாம் ஒருமையில் சொல்லும் மீனே ஒன்றுதானா என்பதிலும் அண்மைக் காலத்தில் மாற்றம் வந்திருக்கிறது. 1788-இல் யூஃப்ராசன் என்ற சுவீடியர் பாம்பஸ் அர்ஜென்டியஸ் மீனை விவரித்தது சீனக் கடற்கரையில் கிடைத்த மாதிரியைக் கொண்டு. நம் அரபிக்கடலிலும் வங்கக் கடலிலும் பிடிபடும் வெள்ளை வவ்வாலையும் நெடுங்காலம் அதே பெயரில்தான் குறித்தார்கள். மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்த இந்திய ஆய்வாளர்கள், நம் கடல் மீன் வேறு இனம் என்று கண்டு, பிரெஞ்சு விலங்கியலார் கூவியே சூட்டிய பாம்பஸ் கேண்டிடஸ் என்ற பழைய பெயரை அதற்கு மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, பொதுப்பெயர்தான் குழப்பும், அறிவியல் பெயர் குழப்பாது என்று உறுதியாகச் சொல்லிவிடவும் முடியாது. வித்தியாசம் ஒன்று உண்டு: அறிவியல் பெயரில் குழப்பம் கண்டுபிடிக்கப்பட்டால் அதைத் திருத்துவதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது, கரும்பலகைப் பெயருக்கு அப்படி எதுவும் இல்லை.

அடைமொழி விழுந்த இடம்

இத்தனை மீன்கள் ஒரே பெயரில் இருந்தும் தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ ஏன் அன்றாடம் தகராறு வருவதில்லை? வெள்ளை, கருப்பு, ஏரி என்ற அடைமொழி அங்கே பெயரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. மீனும் முழுதாகக் கண்முன் கிடக்கிறது. வாங்குபவர் அடைமொழியைச் சொல்லாவிட்டாலும் கண் சொல்லிவிடும். தாராவி நிகழ்வில் இந்த இரண்டு காப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றிருக்கின்றன.

மும்பையின் மராத்தி மீன் சந்தையில் இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு. வெள்ளை வவ்வால் அங்கே பாப்லேட், கருப்பு வவ்வால் ஹல்வா. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனிப் பெயர்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழர் மீன் சந்தையில் ஹல்வா என்று கூவுவதைக் கேட்டு இனிப்புக் கடையைத் தேடுவது தாராவியில் பழைய வேடிக்கை. கோலிப் பெண்மணி அண்ணாச்சிக்கு மீன் கொடுக்கும்போது ஹல்வா என்று சொல்லித்தான் கொடுக்கிறார். செவுளருகே விரலால் அழுத்தி, வெண்மையாக நீர் வருகிறதா என்று காட்டிவிட்டுத்தான் எடை போடுகிறார். அந்த ஹல்வாவைக் கடைக்குள் கொண்டுவந்ததும் அண்ணாச்சி ‘வவ்வால்’ என்று எழுதுகிறார். அடைமொழி முதலில் விழுந்தது இங்கே, அண்ணாச்சியின் கையால், பல ஆண்டுகளுக்கு முன்பே. கருப்பு வவ்வாலுக்குப் பதில் வேறெதுவும் வராத வரையில் அதனால் ஒரு கெடுதலும் நேரவில்லை.

மைத்துனர் அந்தக் கரும்பலகையைப் பார்த்துச் சரக்கு வரவழைத்தார். வவ்வால் என்பதை ‘பாம்ப்ரெட்’ ஆக்கினார். மராத்தியில் பாப்லேட் என்றோ ஹல்வா என்றோ கேட்டிருந்தால், தடைக்காலத்தில் இல்லை, உறைந்த சரக்குதான் இருக்கிறது, விலை இவ்வளவு என்று வியாபாரி சொல்லியிருப்பார். அவரே இதைப் பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்டார். உணவகங்களிலிருந்து இந்தியில் ‘பாம்ப்ரெட்’ என்று, அதுவும் ஜூலையில், 15 கிலோ கேட்டு வரும் அழைப்பு அவரைப் பொறுத்தவரை ரூப்சந்துக்கானது. விலையைச் சொன்னதும் எதிர்முனை மறுக்காததால் சந்தேகம் தீர்ந்ததாக எடுத்துக்கொண்டார். என் கணிப்பில் இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது: விலை இரண்டு பேருக்கும் ஒரு செய்தியைச் சொன்னது, ஆனால் இருவரும் அதை எதிரெதிராகப் புரிந்துகொண்டார்கள். வெள்ளை வவ்வால் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும் நகரத்தில், இருநூறு ரூபாயை ஒட்டிய விலைக்குப் பாம்ப்ரெட் என்றால், விற்பவருக்கு அது ரூப்சந்த் என்பதற்கு அத்தாட்சி. வாங்குபவருக்கு அது அதிர்ஷ்டம்.

அந்த விலை வித்தியாசத்துக்குப் பின்னால் கடலின் நிலவரமும் இருக்கிறது. மகாராஷ்டிர அரசு 2023-இல் வெள்ளை வவ்வாலை மாநில மீனாக அறிவித்ததே அதன் வரத்து குறைந்துவரும் கவலையால்தான். பால்கர் மாவட்டத்துச் சாத்பாட்டி போன்ற வவ்வாலுக்குப் பேர்போன மீனவ ஊர்களில், முட்டையிடும் பருவத்தை எட்டாத சிறு வவ்வால்கள் டோல் எனப்படும் பை வலைகளில் மாட்டிக்கொள்வது நெடுநாள் சிக்கல். கடல் மீன் குறைந்து விலை ஏறும்தோறும், அதன் பெயரைத் தாங்கிய குளத்து மீனுக்கு இடம் கூடுகிறது.

இரண்டாவது காப்பு, கண். துடுப்பு நறுக்கித் தலை நீக்கிய மீன், மேலே சொன்ன அடையாளங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்துவிடுகிறது. கொழுப்புத் துடுப்பு போய்விட்டது, இடுப்புத் துடுப்பு போய்விட்டது, வாலும் பல்லும் போய்விட்டன. மிச்சம் இருந்தது தட்டையான வெள்ளி உடல். எல்லா வவ்வால்களுக்கும் பொதுவானது அந்தத் தட்டை வடிவம் ஒன்றுதான். சுத்தம் செய்து கேட்டதில் தவறில்லை, மும்பையில் எந்த உணவகமும் அப்படித்தான் கேட்கும். ஆனால் பெயரும் தெளிவற்று, உருவமும் குறைக்கப்பட்ட பிறகு, சரிபார்க்க மைத்துனரின் கையில் எதுவும் இல்லை.

பொறுப்பும் தீர்வும்

சட்டத்தின்படி பார்த்தால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, வாங்குபவர் கேட்ட இயல்புக்கும் பொருளுக்கும் தரத்துக்கும் ஒவ்வாத உணவை விற்பதைத் தண்டத்துக்குரியதாக்குகிறது. தகப்பனாரின் உறவினர் ஒருவர் புகார் கொடுத்தே தீர வேண்டும் என்று நின்றார். புகார் கொடுக்க அவருக்கு உரிமை இருந்தது. எங்களில் எவரும் தடுக்கவில்லை. ஆனால் விசாரணை வந்தால் முதலில் எழும் கேள்வி, வாங்குபவர் கேட்டது என்ன என்பது. அவர் கேட்டது ‘வவ்வால்’. ஏரி வவ்வாலும் அந்தப் பெயரில் ஊரறிய விற்கும் மீன்தானே என்று உணவகத்தார் வாதிட்டால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. என் கருத்தில் அந்த வாதம் நிற்காது, ஆனால் அதற்குக் காரணம் பெயரில் இல்லை. கடல் வவ்வாலுக்கு வாங்கும் விலையையே அன்றும் வாங்கியிருக்கிறார்கள். எந்த மீனுக்கு அந்த விலையோ அந்த மீனைத்தான் பலகை வாக்களித்ததாகக் கொள்ள வேண்டும். மைத்துனர் விலையைக் குறைத்து எழுதியிருந்தால் அவர் பக்கம் வலுவாக இருந்திருக்கும்.

எல்லாப் பொதுப்பெயர்த் தகராறுகளும் இப்படிப் பேசித் தீர்க்கக் கூடியவை என்று நினைத்துவிடக் கூடாது. மாகுர் என்ற பெயரில் நாட்டுக் கெளுத்தியும் விற்கும், ஆப்பிரிக்கக் கெளுத்தியும் விற்கும். பின்னதை வளர்ப்பதற்கு 2000-ஆம் ஆண்டே இந்தியாவில் தடை வந்துவிட்டது. அங்கே பெயரின் மறைவில் நடப்பது வேறு வகைக் குற்றம்.

அண்ணாச்சி கொடை முடித்துத் திரும்பியதும் விஷயம் விரைவாக முடிந்தது. மருத்துவருக்கான செலவை அவர் ஏற்றுக்கொண்டார். அன்று வறுவல் வாங்கியவர்களில் அடையாளம் தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தார். பலர் வாங்க மறுத்து, அடுத்த மாதம் நல்ல மீனாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தகப்பனாரிடம் மைத்துனர் நேரில் போய், “தெரியாம நடந்துபோச்சுண்ணே” என்று சொன்னார். வியாபாரி மிச்ச மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டு, இனிச் சீட்டில் ‘ஆர்.சி.’ என்று சுருக்காமல் ரூப்சந்த் என்று முழுதாக எழுதுவதாக ஒப்புக்கொண்டார். உணவகத்துக்கு வரும் எந்தச் சரக்கிலும் ஒரு மீனையாவது தலையோடும் துடுப்போடும் முழுதாக அனுப்ப வேண்டும் என்பது பெரியவர் சேர்த்த நிபந்தனை. இருக்கும் தீர்வுகளில் மிகவும் பயனுள்ளது அதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது எந்த மொழியையும் சாராமல் வேலை செய்யும்.

கரும்பலகையில் இப்போது ‘கருப்பு வவ்வால்’ என்றும், கிடைக்கும் நாட்களில் ‘வெள்ளை வவ்வால்’ என்றும் எழுதுகிறார்கள். ரூப்சந்தையும் அண்ணாச்சி கைவிடவில்லை. தோல் பட்டறைகளிலும் தையல் கூடங்களிலும் வேலை செய்பவர்களுக்குக் கடல் மீன் விலை கட்டுப்படியாவதில்லை. அவர்களுக்காக ‘ரூப்சந்த், குளத்து மீன், முள் உண்டு’ என்று தனி வரியில், பாதி விலையில் எழுதி வைத்திருக்கிறார். அது நன்றாகவே விற்கிறது.

தீராமல் இருப்பது பாம்பனோ என்ற இன்னொரு மீனின் விஷயம். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் 2011-இல் வெள்ளிப் பாம்பனோவின் குஞ்சுகளைச் செயற்கை முறையில் உற்பத்தி செய்வதில் வெற்றி பெற்ற பிறகு, கூண்டுகளிலும் கடலோரக் குளங்களிலும் அதை வளர்ப்பது பரவியிருக்கிறது. பளபளப்பாக, அகலமாக, முள் தொந்தரவு அதிகம் இல்லாத மீன். பாரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வியாபாரி அதை அனுப்பியபோது சீட்டில் ‘பாம்பனோ பாம்ப்ரெட்’ என்று எழுதியிருந்தார். இதை வவ்வால் என்று எழுதலாமா என்று அண்ணாச்சி கேட்டதற்கு, பெரியவர் கூடாது என்றார். கருப்பு வவ்வாலும் பாரைக் குடும்பம்தானே, அதை மட்டும் எப்படி வவ்வால் என்கிறோம் என்று மைத்துனர் மடக்கினார். கேள்வி சரியானது, விலங்கியலை வைத்துப் பார்த்தால் கருப்பு வவ்வாலுக்கு, பெயரைப் பங்கிடும் வெள்ளை வவ்வாலைவிடப் பாம்பனோவே நெருங்கிய உறவு. ஆனால் கருப்பு வவ்வால் என்று கேட்பவருக்குத் தான் என்ன வாங்குகிறோம் என்பது தெரியும், பாம்பனோவை அந்தப் பெயரில் வாங்குபவருக்குத் தெரியாது என்பதால் பெரியவர் பக்கமே நானும் நின்றேன். அண்ணாச்சி இப்போதைக்குப் ‘பாம்பனோ, வளர்ப்புப் பாரை’ என்று எழுதி, விலையைக் கருப்பு வவ்வாலுக்கும் ரூப்சந்துக்கும் நடுவில் வைத்திருக்கிறார். கேட்டு வாங்குவோர் இன்னும் குறைவாகத்தான் இருக்கிறார்கள்.